வாசலில் கிடந்த எட்டாம் நம்பர் சப்பாத்து

கதவு தட்டிச் சம்பளம் வாங்கிறதுதான் என்ர உத்தியோகம். திறந்தால் வேலை, திறக்காட்டி ரிப்போட். இன்சூரன்ஸ் விக்கப் போனவை, சனத்தொகைக் கணக்கெடுக்கப் போனவை, ஊசி போடப் போனவை எல்லாரும் என்ர இனம். யன்னல் சீலை அசையிறதைப் பாத்துக்கொண்டு மழைக்க நிண்ட கதையை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பியள்.

எழுபதுகளின்ர நடுவில மெல்பேணுக்கு வந்து சேந்தனாங்கள். ஊரில நான் பதினொரு வருஷம் மருத்துவிச்சி. இஞ்ச என்ர சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, முதலில இருந்து படியுங்கோ எண்டிட்டினம். பேந்து ஒரு சின்ன உதவி நிலையத்தில இந்த வேலை கிடைச்சது. பதினாறு, பதினேழு வயசில தாயாகி, அரசாங்க உதவிப்பணத்தில தனிய இருக்கிற பெட்டையளின்ர வீட்டுக்குப் போகவேணும். பிள்ளை வடிவாப் பால் குடிக்குதோ, தாய் நேரத்துக்குச் சாப்பிடுறாளோ, படிவம் நிரப்பினவளோ எண்டு பாக்கவேணும். உதவி செய்யிற வேலை எண்டுதான் சொன்னவை. இப்பிடி ஒரு ஆக்கினை எண்டு ஒரு சீவனும் சொல்லேல்லை. அவை கதைச்சதெல்லாம் இங்கிலிசில, நான் எங்கட தமிழில சொல்லுறன். கெட்ட வார்த்தையளை விட்டிட்டன். அதால கதை பாதியாச் சுருங்கிப் போச்சு.

டெபி வீட்டில இல்லை

டெபிக்குப் பதினேழு வயசு. ஃபுட்ஸ்கிறேயில ஒரு பழைய ஃபிளாட்டில, மூண்டாம் மாடியில, மூண்டு மாசக் கைக்குழந்தை ஜேசனோட தனிய இருந்தவள். பிள்ளையின்ர தேப்பன் குயின்ஸ்லாந்துக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். நான் வியாழக்கிழமை காலமை பத்து மணிக்கு வருவன் எண்டு முதலே கடிதம் போட்டனான்.

மூண்டு வியாழக்கிழமை போயும் கதவு திறபடேல்லை. உள்ளுக்க ரேடியோ பாடுது, தண்ணி ஓடுது, பிள்ளை அழுகுது. நான் தட்டின உடன எல்லாம் நிக்குது, பிள்ளையின்ர அழுகையும் சேத்து. அதை எப்பிடி நிப்பாட்டினாள் எண்டு பதினொரு வருஷ மருத்துவிச்சி எனக்கே அப்ப விளங்கேல்லை. நாலாவது வியாழன் எனக்குப் பொறுமை போட்டுது. "டெபி, மழையில நனைஞ்சு வந்து நிக்கிறன் பிள்ளை!" எண்டு கத்தினன். கடிதம் போடுற ஓட்டையின்ர மூடி மெல்லத் திறந்துது. உள்ளுக்க இருந்து ஒரு குரல்:

"டெபி வீட்டில இல்லை. இருந்தாலும் திறக்கமாட்டாள்."

நல்ல வார்த்தை

அஞ்சாவது வியாழன் திறந்தாள். பிள்ளைக்கு விடிய விடிய வயித்துக்குத்து. பேய் வந்து தட்டியிருந்தாலும் திறந்திருப்பாள். பிள்ளையை வாங்கித் தோளில போட்டு முதுகைத் தடவி விட்டன். ஒரு ஏவறை விட்டுது பாருங்கோ, யன்னல் கண்ணாடி அதிர்ந்துது. அதுக்குப் பிறகு கதவு ஒவ்வொரு வியாழனும் திறந்துது. முழுக்க இல்லை, நான் பக்கவாட்டில நுழையிற அளவுக்கு.

ஜேசன் எண்டால் வடிவெண்ட வடிவு. மொழுமொழு எண்டு, கன்னத்தில குழி விழ. நான் வாய் திறக்கேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, நாங்கள் பிள்ளையளை முகத்துக்கு நேர புகழமாட்டம். நிறை பாத்தன், கொப்பியில எழுதினன், வந்திட்டன். இப்பிடி ஆறு கிழமை. ஏழாம் கிழமை அவளுக்கு வந்துதே கோவம்! பால் போத்தலை மேசையில அடிச்சு வைச்சாள். அவளின்ர தாய் கிழமைக்கு ஒருக்கா வந்து, பிள்ளையைத் தத்துக் குடுத்துப்போட்டு நீ மட்டும் வீட்டை வா எண்டு அரிச்சுப் போட்டுப் போறவவாம். எடுக்கிறதுக்கு ஒரு குடும்பத்தையும் பாத்து வைச்சிருக்கிறாவாம். உதவிப்பணம் வாறபடியால்தான் தாயின்ர சொல்லைக் கேளாமல் பிள்ளையை வைச்சிருக்க ஏலுதாம். இதையெல்லாம் ஒரே மூச்சில சொல்லிப்போட்டு என்னைக் கேட்டாள், நீயும் இவ்வளவு நாளா ஒரு நல்ல வார்த்தை சொல்லேல்லை, என்ர பிள்ளையில என்ன குறை எண்டு. கண்ணூறு எண்டால் என்ன, ஏன் கைக்குழந்தைக்குக் கறுத்தப் பொட்டு வைக்கிறனாங்கள் எண்டு அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டுச் சொன்னாள்:

"உங்கட ஊர்ச் சனத்துக்கு முழு விசர்."

போறணைக்குள்ள வெந்தது

உதவிப்பணத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வீட்டில ஆம்பிளை இருக்கப்படாது. இருந்தால் அவனே பாக்கட்டும், அரசாங்கம் ஏன் பாக்கவேணும் எண்ட நியாயம். இதைப் பாத்துப் பிடிக்கிறதுக்கு இலாகாவில இருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். மண்ணிறத் தொப்பி, கையில ஒரு குட்டிக் கொப்பி. முன்னறிவித்தல் இல்லை. பல்லுத்தூரிகை எத்தினை, சவர அலகு கிடக்குதோ, முக்கியமா ஆம்பிளைச் சப்பாத்து கிடக்குதோ எண்டு பாப்பார். சப்பாத்துக் கிடந்தால் புருஷன் கிடக்கிறான் எண்டதுதான் அவரின்ர கணிதம்.

சாண்ட்ரா எண்டு இன்னொரு பெட்டை. அவளின்ர பிள்ளையின்ர தேப்பன் வெய்ன், பதினெட்டு வயசு, தாய் வீட்டில இருக்கிறவன். பிள்ளையைக் குளிப்பாட்ட மட்டும் நாளாந்தம் வந்து போவான். அவளுக்குக் குளிப்பாட்டப் பயம்; அவன்தான் கெட்டிக்காரன். ஒரு நாள் குளிருக்குப் பிள்ளையின்ர துவாயைச் சூடாக்குவம் எண்டு அடுப்புக்குக் கீழ இருக்கிற போறணையை மூட்டிவிட்டன். அஞ்சு நிமிஷத்தில றப்பர் எரிஞ்ச மணம்; திறந்தால் உள்ளுக்க வெய்னின்ர சப்பாத்து. குளியலறைக்குள்ள இருந்து சவுக்காரக் கையோட வெய்ன் ஓடிவந்தான். இன்ஸ்பெக்டருக்குப் பயந்து ஒளிச்சு வைக்க வேற இடமே கிடைக்கேல்லையோ எண்டு நான் அவனை வாங்கு வாங்கெண்டு வாங்கினன். "வாசலில, கட்டிலுக்குக் கீழ, எங்க வைச்சாலும் கண்டுபிடிப்பாங்கள், கவனமா இருக்கவேணும்" எண்டு ஒரு பிரசங்கமும் வைச்சன். இதை ஞாபகம் வைச்சிருங்கோ. புத்தி சொன்னவள் நான்தான். அவன் உருகின சப்பாத்தைத் தூக்கிப் பாத்திட்டுச் சொன்னான்:

"இப்ப இது ஒருத்தற்ற சப்பாத்தும் இல்லை. இனிப் பயமில்லை."

காருக்குள்ள விறைச்ச மனிசன்

எனக்குக் கார் ஓடத் தெரியாது. நாங்கள் இருந்த சன்ஷைனில இருந்து ஃபுட்ஸ்கிறேக்கு என்ர மனிசன், இவர்தான் கொண்டுபோய் இறக்கிறவர். இவருக்கு ரயர் தொழிற்சாலையில பின்னேர ஷிப்ட், காலமை சும்மா. ஊரில கந்தோரில லிகிதராப் பேனை பிடிச்ச மனிசன். எந்த வேலைக்குப் போனாலும் கறுத்தச் சப்பாத்து, எட்டாம் நம்பர், முகம் பாக்கலாம் போல மினுக்கி வைச்சிருப்பார். நான் மேல போனால் காருக்குள்ள இருந்து பேப்பர் வாசிப்பார். எங்கட வீட்டு ஆக்கள் ஒருத்தரையும் வேலைக்குப் போற வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போகப்படாது எண்டது எங்கட நிலையத்தின்ர சட்டம். மேலாளர் மார்கிரட் நான் சேர்ந்த அண்டைக்கே சொன்னவ.

ஜூலை மாதம் வந்துது. மெல்பேண் குளிர் உங்களுக்குத் தெரியும். எலும்புக்குள்ள போய்க் கதிரை போட்டு இருக்கும். கார் ஹீட்டரும் வேலை செய்யாது. இவருக்கு ஒரு மாசமா இருமல். டெபி யன்னலால எட்டிப் பாத்திட்டு, கீழ இருக்கிறது ஆர் எண்டு கேட்டாள். சட்டத்தைச் சொன்னன். ஒரு முறை முறைச்சாள்:

"அந்த மனிசன் விறைச்சுச் செத்தால் உங்கட சட்டமோ வந்து தூக்கும்? மேல கூப்பிடுங்கோ."

கதவுக்கு இந்தப் பக்கம்

கூப்பிட்டன். என்ர பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். இவர் வந்து குசினிக் கதிரையில பேப்பரோட இருந்தார். அடுத்த வியாழன் ஒழுகின பைப்பை இறுக்கிவிட்டார். அதுக்கடுத்த வியாழன் ஜேசன் இவற்ற மடியில இருந்து பேப்பரைக் கிழிச்சான். இவர் புறுபுறுத்துக்கொண்டே கிழிச்ச துண்டையும் பொறுக்கி வாசிச்சார்.

அந்த மூண்டாவது வியாழன் ஆரோ கதவைத் தட்டிச்சினம். நான் எழும்பினன். டெபி என்ர கையைப் பிடிச்சு இழுத்து, திறக்காதேங்கோ, புத்தகம் விக்கிறவனாத்தான் இருக்கும், விட்டால் ஒரு மணித்தியாலம் அறுப்பான் எண்டாள். ரேடியோவை நிப்பாட்டினாள். பைப்பைப் பூட்டினாள். பிள்ளையின்ர வாயில விரலை வைச்சாள், அழுகை நிண்டுது. இவர் பேப்பரை மடிக்கிற சத்தம் கூட வராமல் மடிச்சார். கதவு தட்டிச் சம்பளம் வாங்குற நான், கதவுக்குப் பின்னால மூச்சு விடாமல் குந்திக்கொண்டு இருந்தன். வெட்கக்கேடு. தட்டினவர் படியிறங்கிப் போயிட்டார். டெபி சிரிச்சுக்கொண்டு சொன்னாள்:

"பாத்தியளே, எவ்வளவு சுகமான வேலை?"

மூண்டு வியாழக்கிழமை

அடுத்த கிழமை இலாகாவில இருந்து கடிதம். டெபி கதவைத் திறக்கேல்லை. ஓட்டைக்குள்ளாலதான் கடிதத்தை எனக்கு நீட்டினாள். உதவிப்பணம் நிப்பாட்டப்பட்டுது. காரணம்: தொடர்ந்து மூண்டு வியாழக்கிழமை காலமை, வாசலில ஆம்பிளைச் சப்பாத்து ஒரு சோடி, கறுப்பு, எட்டாம் நம்பர், நல்லா மினுக்கினது, பக்கத்தில குடியிருப்பவரின் பெண் செருப்பு ஒரு சோடி, மூண்டாம் முறை தட்டியும் திறக்கவில்லை, ஆகவே ஒரு ஆண் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்.

பெண் செருப்பு என்ரது! நானும் இவரும் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால் கால் தானாக் கழட்டும், மூச்சு விடுற மாதிரி. கழட்டினது எனக்கே தெரியாது. வெய்னுக்குப் பிரசங்கம் வைச்ச அதே வாய், அதே மண்டை, அதே கோதாரி விழுந்த கால். அந்தக் கட்டிடத்தில இருந்த பன்னிரண்டு ஃபிளாட்டிலயும் வாசலில சப்பாத்துக் கழட்டுற ஆக்கள் நாங்கள் ரெண்டு பேரும்தான். டெபி அந்த ஓட்டைக்குள்ளால அழுதழுது சொன்னாள்:

"அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையின்ர உடுப்புகளை மடிச்சு வைச்சுப்போட்டுப் போயிருக்கிறா. மாச முடிவில அந்தக் குடும்பம் வருமாம்."

எதை உடைக்கேல்லை

நேர மார்கிரட்டிட்டப் போய் உள்ளதைச் சொன்னன். வேலை போனால் போகட்டும், பிள்ளை போகப்படாது. மார்கிரட் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. திருப்பிப் போட்டா. திருப்பிக் கழட்டினா. இவரை மேல கூட்டிப்போனது, அதை மூண்டு கிழமை எழுதாமல் விட்டது, அவரை வைச்சுப் பைப் திருத்தினது, இலாகா அதிகாரி வந்து தட்டேக்க ஒளிச்சிருந்தது எண்டு ஒவ்வொண்டா நான் சொல்லச் சொல்ல, பேனையை மூடி மேசையில வைச்சிட்டா.

"மிஸிஸ் சிவா, நீங்கள் உடைக்காத சட்டத்தைச் சொல்லுங்கோ. அதை எழுதினால் கெதியா முடிஞ்சிடும்."

இவற்ற மானம்

வியாழக்கிழமைகளில அங்க என்னோட வந்து இருந்த ஆம்பிளை தான்தான் எண்டு இவர் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும் எண்டு மார்கிரட் வழி சொன்னா. அதைக் கேட்ட உடன மனிசன் சன்னதம் ஆடத் துவங்கிட்டார். "நான் ஒரு பதினேழு வயசுப் பெட்டையோட குடித்தனம் நடத்தினன் எண்டு அரசாங்கக் காயிதத்தில கிடக்கு! அதுக்குக் கீழ நானே கையெழுத்து வைக்கிறதோ? ஊருக்குத் தெரிஞ்சால்?" எண்டு வீட்டுக்குள்ள நடந்தார். சாப்பாடும் வேண்டாமாம். நானும் விடேல்லை. உங்கட மானத்தை மினுக்கி மினுக்கி வாசலில வைச்சதால வந்த வினைதானே எண்டன். ரெண்டு பேரும் கத்தி ஓய்ஞ்சம்.

பிறகு நான் அந்தத் தாய்க்காரி பிள்ளையின்ர உடுப்பை மடிச்சு வைச்ச கதையை மட்டும் சொன்னன். எங்களுக்குப் பிள்ளை இல்லை எண்டதை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லேல்லை. மனிசன் எழும்பி மேசையடிக்கு வந்தார்.

"அவன் என்ர பேப்பரைக் கிழிக்க இன்னும் கனக்கக் கிடக்கு. பேனையைத் தாரும்."

பதினாறு சோடி

கடிதத்தோட இலாகாவுக்குப் போனம். தொப்பிக்கார இன்ஸ்பெக்டர் நம்பேல்லை. இந்தக் குளிருக்க ஆர் சப்பாத்தை வெளியில கழட்டுவான் எண்டு கேட்டார். பழக்கம் எண்டன். அப்பிடி ஒரு பழக்கத்தைத் தான் கேள்விப்படேல்லை, உங்கட வீட்டுக்கு நேர வந்து விசாரிப்பன் எண்டார். எப்ப எண்டு சொல்லேல்லை. அதுதானே அவற்ற தொழில். நாள் போச்சு. மாச முடிவுக்கு நாலு நாள் கிடக்கு.

அந்தச் சனிக்கிழமை எங்கட வீட்டில தேவாரக் கூட்டம். அப்ப மெல்பேணில எங்களுக்குக் கோயில் இல்லை. மாசம் ஒருக்கா ஒருத்தற்ற வீட்டில கூடிப் பாடுவம். நான் வடை சுட்டுக்கொண்டு நிக்கிறன், வாசலில தொப்பி. சனிக்கிழமை எண்டும் பாராமல் வந்திட்டார். ஓடிப் போனன். மனிசன் கொப்பியைத் திறந்தபடி குனிஞ்சு நிக்கிறார். அவற்ற காலடியில பதினாறு சோடி. அதில ஆம்பிளைச் சப்பாத்து ஒம்பது, எல்லாம் கறுப்பு, முக்கால்வாசி எட்டாம் நம்பர். எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே மலிவு விற்பனையில வாங்கினது. அவற்ற கணிதப்படி என்னோட ஒம்பது புருஷன்மார் குடியிருக்கினம். மெல்ல நிமிர்ந்து கேட்டார்:

"மிஸிஸ் சிவா, இதில உங்கட புருஷன் எது?"

போகேக்க

உள்ளுக்க வாங்கோ எண்டன். கொஞ்சம் யோசிச்சிட்டு, குனிஞ்சு தானும் சப்பாத்தைக் கழட்டினார். காலுறை ஓட்டைக்குள்ளால பெருவிரல் எட்டிப் பாத்துது. பாவமாக் கிடந்தது. நடுவில இருந்து கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருந்த இவரைக் காட்டினன். தொப்பியை மடியில வைச்சு, மூண்டு வடை சாப்பிட்டு, தேத்தண்ணி குடிச்சு, கடைசி மட்டும் இருந்தார்.

போகேக்க வந்துது வினை. அவற்ற சப்பாத்தைக் காணேல்லை. எங்கட கூட்டங்களில வழக்கமா நடக்கிறதுதான். முதல் போன கந்தையா அண்ணை குனிஞ்சு பாக்காமல் மாட்டிக்கொண்டு போட்டார். இலாகா உத்தியோகத்தரை ஓட்டைக் காலுறையோட றோட்டில விட ஏலுமோ? இவர் தன்ர சப்பாத்தைக் குடுத்தார், அந்த மினுக்கின எட்டாம் நம்பர். அளவெண்டால் அளவு. தொப்பிக்காரர் தன்ர காலையே கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு என்னட்டத் தாழ்ந்த குரலில சொன்னார்:

"இதை நான் ரிப்போட்டில எழுதமாட்டன். நீங்களும் எழுதாதேங்கோ."

கறுத்தப் பொட்டு

உதவிப்பணத்தைத் திருப்பித் தருகினம் எண்ட கடிதம் மாச முடிவுக்கு முதல்நாள் டெபியின்ர கையில கிடைச்சுது. தாய்க்காரி பாத்து வைச்ச குடும்பம் வந்து, கதவைத் தட்டிப் பாத்திட்டுத் திரும்பிப் போச்சாம். அந்த ஒரு நாள் மட்டும் அந்தப் பெட்டை கதவைத் திறக்காததுக்கு நான் அவளைக் கும்பிடுவன்.

வியாழக்கிழமை போனன். இவர் காருக்குள்ள, போர்வையும் சுத்திக்கொண்டு. படியில என்ர காலடி கேட்ட உடனேயே கதவு திறந்துது, அதுவும் முழுசா. என்ர கால் பழக்கத்தில கழட்டத் துவங்க, செருப்பைப் பறிச்சு உள்ளுக்க வைச்சாள். ஜேசன் தவழ்ந்து வந்தான். புருவம் தீட்டுற பென்சிலால கன்னத்தில பெரிய கறுத்தப் பொட்டு, கோணலா, ஒரு சதக்காசு அளவில. எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. இந்தமுறை சொல்லித்தான் தீருவன், எவ்வளவு வடிவான பிள்ளை எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தன். டெபி பாய்ஞ்சு வந்து என்ர வாயைப் பொத்தினாள்:

"ஒண்டும் சொல்லாதேங்கோ! இவனில இனி ஒருத்தற்ற கண்ணும் படப்படாது."

அதுக்குப் பிறகும் கனகாலம் கதவு தட்டித்தான் சம்பளம் வாங்கினன், என்ன, ஒரு கையால தட்டேக்க மற்றக் கையில என்ர செருப்பு இருந்துது.